ஒளித்து வைத்த கண்

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்த லைட்ஸ் நுணுக்குக்காட்டித் தொழிற்சாலையில் 1911இல் சேர்ந்த ஒஸ்கார் பார்னாக், ஆஸ்துமா நோயால் வருந்தியவர். கண்ணாடித் தட்டுகளும் முக்காலியுமாகப் பெருங் கமெராவைச் சுமந்து திரிவது அவருக்குக் கடினமாயிற்று. எனவே சினிமாப் பிலிமில், 24க்கு 36 மில்லிமீற்றர் அளவிற் படம் பதியும் சிறு கருவியொன்றை 1914 அளவில் அவர் ஆக்கினார். அதன் திருந்திய வடிவமே 1925இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என அறிமுகமாயிற்று.

பழைய கமெரா ஒளிய முடியாதது. அதன் முன் நின்றவன் தான் பார்க்கப்படுவதை அறிந்தே நின்றான். மறுத்து நடந்துவிடவும் அவனுக்கு இடமிருந்தது. சிறு கமெரா அந்த இடத்தைப் பறித்தது. அதற்கு ஈடாகப் பாசாங்கற்ற கணத்தை உலகுக்கு அளித்தது. இப்பண்டமாற்று நீதியானதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எரிக் சலமொன் 1928இல் ஜேர்மன் நீதிமன்றத்துள் எர்மனொக்ஸ் என்னும் மற்றொரு சிறு கமெராவைத் தொப்பிக்குள் ஒளித்துச் சென்று படம் பிடித்தார். 1930இல் ஹேக் மாநாட்டில், நள்ளிரவு கடந்து சோர்ந்து கிடந்த அமைச்சர்களைப் பதிவுசெய்தார். யூதரான அவரை நாசிகள் 1944இல் அவுஷ்விற்ஸ் முகாமிற் கொன்றனர்.

வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயோர்க் சுரங்க ரெயிலில், மேலங்கிப் பொத்தான்களின் இடையே கொண்டாக்ஸ் கமெராவின் வில்லையை மட்டும் வெளித்தெரிய வைத்து, எதிரே அமர்ந்த பயணிகளைப் படம் பிடித்தார்.

இருவரும் ஒளித்தே எடுத்தனர். ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. அமைச்சரின் முடிவு கோடி மக்களின் வாழ்வைத் தொடுவது. அவர் எங்ஙனம் ஆள்கிறார் என்பதைக் காண மக்களுக்கு உரிமையுண்டு. படம் பொய்யெனின் மறுத்துரைக்க அவருக்கு வாயும் வழியும் உண்டு. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு இவை இல்லை. தன் களைப்பைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் உரிமை ஒன்றே அவனிடம் எஞ்சியது.

அங்ஙனமாயின் சம்மதம் பெற்றுவிட்டால் போதுமா? அதே எவன்ஸ் 1936இல் அலபாமாவின் குத்தகை விவசாயிகளைப் பெருங் கமெராவின் முன் நிறுத்திப் படமெடுத்தார். அவர்கள் அறிந்தே நின்றனர். எனினும் அப்படங்கள் எத்தனை தலைமுறைகளுக்கு வறுமையின் முகமாகக் காட்டப்படும் என்பதை அவர்கள் எங்ஙனம் அறிந்திருப்பர்? பார்க்கப்பட இசைதல் வேறு. எங்கும் காட்டப்பட இசைதல் வேறு. சுரங்க ரெயிற் படங்களையோ எவன்ஸ் 1966 வரை நூலாக வெளியிடவில்லை. காரணம் எதுவாயினும், அந்தத் தாமதம் அம்முகங்களுக்கு ஒரு காவலாயிற்று.

ஆகவே அறப்பொறுப்பு விசையை அழுத்தும் கணத்தோடு முடிவதில்லை. படத்தைப் பிறர்முன் வைக்குந்தோறும் புதிதாய்த் தொடங்குகிறது.

இன்று கமெரா ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உண்டு. இலவசக் கொப்பி பெறும் மாணவனைக் கொடையாளர் அருகில் நிறுத்திப் படமெடுத்து ஊருக்குக் காட்டுகிறோம். சிரிக்கச் சொன்னால் அவன் சிரிக்கிறான். மறுக்க முடியாதவனின் சிரிப்பைச் சம்மதம் எனக் கொள்ளலாமா? கொப்பியைக் கொடுப்போம், அவன் முகத்தை அதற்கு விலையாகக் கேளாதிருப்போம்.