எழுதிய கரம்

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலைக்குகைகளில் ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் அவற்றில் உண்டு; கணிநந்தன் என்னும் சமண முனிவரின் பெயரும் உண்டு. உளி பிடித்து எழுதியவர் பெயர் இல்லை. பெயர் நில்லாதவர்க்கு வாழ்வின் பயன் உண்டா?

இதே வினாவை எழுப்பும் மற்றொரு கல் கடலுக்கப்பால் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனத்து மிங் பேரரசரின் சார்பில் 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறிக்கப்பட்ட அக்கல்லை இலங்கைக்குக் கொணர்ந்தவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தலைவர் செங் ஹோ. சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் திருமாலுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய நெறிக்கும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. பொன்னும் வெள்ளியும் பட்டும் ஏறக்குறைய ஒத்த அளவினவே.

அக்காணிக்கையில் அரசியல் இல்லாமலில்லை. 1411இல் அதே கடற்படை இலங்கைத் தலைவன் அழகேசுவரனைச் சிறைபிடித்துச் சென்றது. கல்லும் பின்னாளில் மதகு மூடியாய்க் கவிழ்ந்து கிடந்து, 1911இல் காலி நகரில் வெளிப்பட்டது.

பேரரசரின் நோக்கம் எதுவாயினும், பெயரறியா எழுத்தாளர்கள் ஒவ்வொரு சமயத்தாரின் வணக்கத்தையும் அவரவர்க்குரிய எழுத்திலேயே அமைத்தனர். அரசாணை அன்றே முடிந்தது. அந்தக் கரங்களின் நேர்மை இன்றும் நிற்கிறது.

பள்ளிவாசலுக்கு அளித்த மின்விசிறியின் இறக்கையிலும் பெயர் எழுதுகிறோம் நாம். காற்று பெறுபவர் பெயரைப் படிப்பதில்லை. கூலியை அறிபவன் இறைவன் எனில், பெயரை யாருக்காக எழுதுகிறோம்?