‘நீங்க யாரு?’ என்று திருப்பிக் கேட்பது

ஓர் இடத்தில் யார் பெரியவர் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது: யாரிடம் அடையாளம் கேட்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். வங்கியில் நாம் ஆதாரை நீட்டுகிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன் அட்டையை நமக்கு நீட்டுவதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். இது நமக்கு அவ்வளவு பழகிவிட்டதால் இதில் அறம் சார்ந்த கேள்வி ஒன்று இருப்பதே தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றியது, என் போனைப் பல்கலைக்கழக வைஃபையில் இணைக்கப் போனபோது.

எங்கள் விடுதியில் ஆளுக்கு இரண்டு சாதனங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரியைப் படிவத்தில் எழுதி, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, கணினி மையத்தில் கொடுக்க வேண்டும். மேக் முகவரி என்பது சாதனத்துக்குத் தொழிற்சாலையிலேயே போடப்படும் 12 எழுத்து எண். கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். லேப்டாப் இணைந்தது, போன் இணையவில்லை. காரணம் போன் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதுதான். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) தொடங்கி, போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. போகிற இடமெல்லாம் நம்மை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக.

“அந்த ரேண்டம் மேக்கை ஆஃப் பண்ணிடு தம்பி, ஒரிஜினலைக் குடு” என்றார் கணினி மையத்து அண்ணன்.

இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கடைத்தெருவில் முகத்தை மூடிக்கொண்டு நடக்கலாம். வீட்டுக்குள் வரும்போது துணியை எடு என்றால் எடுக்க வேண்டியதுதான். நாளைக்கு யாராவது இந்த இணைப்பை வைத்துத் தப்பு செய்தால், யார் என்று பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்கு இருக்கிறது. அவர்கள் கேட்கட்டும்.

நான் நின்றது அடுத்த படியில். அவர்கள் கொடுத்த வழிகாட்டித் தாளில், பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் முன்னால் ஒரு வரி இருந்தது: சான்றிதழ் என்ற இடத்தில் ‘டூ நாட் வேலிடேட்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதாவது, சரிபார்க்காதே.

எதைச் சரிபார்க்க வேண்டாம் என்கிறார்கள்? வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் என்ன பெயரும் வைக்கலாம். கேன்டீன் மூலையில் ஒருவன் ஒரு சின்ன ரவுட்டரை வைத்து, அதற்கு எங்கள் பல்கலைக்கழக வைஃபையின் பெயரையே வைத்தால், என் போன் பழகிய குரல் கேட்ட கன்றுக்குட்டி மாதிரி தானாகவே அவனிடம் போய் நிற்கும். அதைத் தடுக்கத்தான் சான்றிதழ். இப்படிப்பட்ட வைஃபைகளுக்கு அடிப்படையான 802.1எக்ஸ் முறையில் இரண்டு பக்கமும் கேள்வி கேட்க இடமிருக்கிறது. போன், ‘முதல்ல நீங்க யாருன்னு காட்டுங்க’ என்று கேட்கும். சர்வர் சான்றிதழைக் காட்டும். அது சரியென்றால்தான் போன் கடவுச்சொல் பக்கமே போகும். தாளில் இருந்த அந்த ஒரு வரி, போனின் கேள்வியை மட்டும் வாய்பொத்தி நிறுத்துகிறது. அவர்களின் கேள்விகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

கடவுச்சொல் நேரடியாகப் போகாது, புதிராக மாறித்தான் போகும் என்பார்கள். பரவலாகப் பயன்படும் அப்படியொரு புதிரை உடைக்க முடியும் என்று 2012இலேயே டெஃப்கான் மாநாட்டில் காட்டிவிட்டார்கள். எங்களுக்கு மின்னஞ்சல், மதிப்பெண், கட்டணம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கடவுச்சொல்தான்.

“அண்ணா, அது நம்ம சர்வர்தானான்னு போன் எப்படித் தெரிஞ்சுக்கும்?” என்று கேட்டேன்.

“நம்ம வைஃபைதானே தம்பி. நம்பிக்கை இல்லியா?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒரே ஆள். ஆயிரக்கணக்கான போன்கள், ஒவ்வொரு கம்பெனியிலும் செட்டிங் ஒவ்வொரு இடத்தில். சான்றிதழை விளக்கப் பத்து நிமிடம் ஆகும். ‘சரிபார்க்காதே’ என்று சொல்லப் பத்து நொடி போதும். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நம்பிக்கை இல்லையா என்று கேட்டவுடன், சந்தேகம் கேட்டவன் மரியாதை தெரியாதவன் ஆகிவிடுகிறான். கேட்க வாய்ப்பிருந்தும் ஒருவர்மேல் இருக்கும் உறுதியால் கேட்காமல் விட்டால், அதை நம்பிக்கை எனலாம். கேட்கவே விடாத இடத்தில் இருப்பது பணிவு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, பொருட்பாலில். அரசன் ஆளைச் சோதித்துத் தேர்வது என்றே உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். ஆள் அரசனைத் தெரிந்து தெளிவதற்கு? அதற்குத் தனி அதிகாரம் இல்லை. அதிகாரம் என்ற சொல்லை இங்கே இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம்.

வேறு மாதிரி செய்ய முடியாது என்றால் விட்டுவிடலாம். முடியும். 2002இல் நெதர்லாந்தின் கிளாஸ் வியரிங்கா முன்வைத்த யோசனையில் தொடங்கிய எடுரோம் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது; இந்தியாவில் எர்நெட் அதை நடத்துகிறது. வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர், தன் சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கை வைத்தே அங்கே இணையலாம். விருந்தோம்புகிறவர் விருந்தாளியின் கடவுச்சொல்லைப் பார்க்கவே வேண்டியதில்லை. ‘இவர் எங்க ஆளுதான்’ என்று மாணவரின் வீடு சொன்னால் போதும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் இவ்வளவு கண்ணியமாக நடத்த முடிவதற்குக் காரணம், போன் முதலில் ‘நீங்க என் வீடுதானா?’ என்று கேட்டுவிடுவது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் சரிந்துவிடும். 2020 டிசம்பரில் கூகுள் தன் பிக்சல் போன்களில் ‘சரிபார்க்காதே’ என்ற தேர்வையே எடுத்துவிட்டதும் இதனால்தான்.

இது வைஃபையோடு நிற்கிற விஷயமும் இல்லை. பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வரும் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே நாம் கற்றுக்கொடுப்பது இதைத்தான்: எச்சரிக்கை வந்தால் தள்ளிவிடு, கேட்டால் கொடு, திருப்பிக் கேட்காதே. அதே பிள்ளைக்கு ஒரு நாள் போன் வரும். “சார், பேங்க்லேர்ந்து பேசறோம், பிறந்த தேதி சொல்லுங்க, இப்ப வந்த ஓடிபி சொல்லுங்க.” சொல்லிவிட்டுப் பணத்தை இழந்தால், ‘படிச்ச பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா’ என்போம். அதிகாரத்தின் குரலில் பேசுகிறவரிடம் ‘நீங்க யாரு?’ என்று கேட்க அதற்கு நாம் எங்கே பழக்கினோம்?

வைஃபை பெயரை ஒட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையில் சர்வரின் முழுப்பெயரையும், எந்தச் சான்றிதழைத் தேர்வு செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து ஒட்டினால் போதும். ஒரு வரிதான். கேட்கிற பிள்ளைக்கு நிர்வாகம் தன்னைக் காட்டிக்கொள்ளும் வரி அது. என் படிவத்தின் கீழே, ‘குறிப்புகள்’ என்று காலியாக இருந்த இடத்தில், இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.