கணக்கில் வராத கேஸ்கள்

விக்டோரியா கிராஸ் பதக்கத்தை இரண்டு முறை பெற்றவர்கள் இதுவரை மூன்று பேர்தான். அதில் இரண்டு பேர் டாக்டர்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்குள் ஏதோ நெருடிக்கொண்டே இருக்கிறது. போர்க்களத்தில் ஒரு டாக்டரின் வீரம் என்று எதைச் சொல்கிறோம்?

அந்த இருவரில் ஒருவர் நோயல் ஷவாஸ். லிவர்பூல் பிஷப்பின் மகன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். முதல் உலகப்போரில் லிவர்பூல் ஸ்காட்டிஷ் பட்டாலியனின் மருத்துவர். 1916 ஆகஸ்டில் பிரான்சின் கில்மாங் அருகே, பகல் முழுக்க வெட்டவெளியில் குண்டுகளுக்கு நடுவே காயம்பட்டவர்களைக் கவனித்தார். இரவில் எதிரியின் வரிசைக்கு முன்னாலேயே நான்கு மணி நேரம் தேடினார். மறுநாள் ஒருவரை 500 கஜம் தூக்கிவரும்போது ஷெல் சிதறல் விலாவில் பாய்ந்தது. அப்படியும் அன்றிரவு இருபது தன்னார்வலர்களோடு திரும்பப் போனார். எதிரியின் பதுங்குகுழியிலிருந்து 25 கஜத்தில் கிடந்த மூன்று பேரை மீட்டார்.

பதக்கத்துக்கான அரசுக் குறிப்பு, சுமார் இருபது பேரின் உயிரைக் காப்பாற்றினார் என்று கணக்கை முடிக்கிறது. அவர் கைவழியே வந்துபோன சாதாரண கேஸ்கள் இதில் சேராதாம்.

சாதாரண கேஸ்கள்! எத்தனை பேர் என்றுகூட எழுதவில்லை. கை போனவனுக்கு அது சாதாரணமா என்ன? வீரத்துக்குச் சாட்சி வேண்டும், தூரம் வேண்டும், எண்ணிக்கை வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாற்பதாவது ஆளுக்குக் கட்டுப்போடுவதை எந்தக் கஜத்தில் அளப்பது?

அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டியில் வேலை பார்க்கும் நண்பனிடம் சொன்னேன். "டாக்டர் எதுக்குடா அங்க போறாரு? தூக்கிட்டு வர ஸ்ட்ரெச்சர் ஆளுங்க இருக்காங்கல்ல? இவரு செத்துட்டா அடுத்து வர்றவன யாரு பாக்குறது?" என்றான்.

நியாயம்தான். ஷவாஸ் செத்தும் போனார். 1917இல், பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே. தலையில் அடிபட்டும் பின்வாங்க மறுத்து, இரவுகளில் ஆட்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் கடைசியில் ஷெல் விழுந்தது அவர் இருந்த முதலுதவி நிலையத்தின் மேல், அந்தச் சாதாரண கேஸ்களைப் பார்க்கிற இடத்தில். ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். வயது 32. இரண்டாவது பதக்கம் அதன் பிறகுதான் வந்தது.

நண்பனின் கணக்குக்கு அடங்காத இன்னொன்றும் கில்மாங் குறிப்பில் இருக்கிறது. அந்த இரவில் ஷவாஸ் இரண்டு அதிகாரிகளின் உடல்களைப் புதைத்தார். செத்தவர்களின் அடையாளத் தகடுகளைச் சேகரித்தார், மெஷின்கன் சுட்டுக்கொண்டிருக்கும்போதே. அதனால் யாரும் பிழைக்கப்போவதில்லை. ஊரில் ஏதோ ஒரு அம்மா 'காணவில்லை' என்ற சொல்லோடு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். அதற்காக ஒரு டாக்டர் உயிரைப் பணயம் வைக்கலாமா? கூடாது என்றுதான் புத்தி சொல்கிறது. தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதையும் நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ரோட்டுல அடிபட்டு பேர் தெரியாம வர்றாங்கல்ல, செத்ததுக்கு அப்புறமும் சட்டைப் பைய நான்தான் தடவிப் பாப்பேன். ஒரு பஸ் டிக்கெட், ஒரு போன் நம்பர், எதாச்சும் இருக்கான்னு. அந்த நேரத்துல வெளிய பத்து பேர் காத்துட்டு இருப்பாங்கடா."