ஊக வாணிகமும் ஒழுக்கமும்: சிறு முதலீட்டாளன் பற்றிய ஒரு மெய்யியல் நோக்கு

சூதாட்டத்தைக் கண்டியாத அறநூல் அரிது. அதேபோல், விளைவு நிச்சயமற்ற முயற்சியிலே துணிந்து இறங்குபவனைப் போற்றாத சமுதாயமும் அரிது. மழையை நம்பி விதைக்கும் உழவனும், காற்றை நம்பிக் கலஞ் செலுத்தும் வணிகனும் தம்மிடமுள்ளதை இழக்கக்கூடும் என்பதை அறிந்தே தத்தம் தொழிலைச் செய்கின்றனர். இவ்விருவகை மதிப்பீடுகளுக்கும் இடையே, கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் ஒரு புதிய மனிதன் வந்து நிற்கின்றான். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு, இன்னும் ஒரு பொருளையேனும் விற்றிராத கணினிக் கம்பனியினதோ உயிரியல் தொழினுட்பக் கம்பனியினதோ பங்குகளை வாங்கி, அவற்றின் விலையேற்றத்துக்காகக் காத்திருக்கும் சிறு முதலீட்டாளனே அவன். அவனை உழவனின் வரிசையில் வைப்பதா, சூதாடியின் வரிசையில் வைப்பதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவிலேயே இவ்வாணிகம் மிக விரிவாக வளர்ந்துள்ளமையால், எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்நாட்டிலிருந்தே எடுத்தாளப்படுகின்றன.

முதற்கண், இத்தகைய பங்குகளின் இயல்பை நோக்குதல் வேண்டும். துணி ஆலையொன்றின் பங்கை வாங்குபவன் அதன் தறிகளையும், விற்பனையையும், சென்ற ஆண்டின் இலாபத்தையும் கணக்கிட முடியும். புதிய மருந்தொன்றை ஆராயும் கம்பனியில் கணக்கிடுவதற்கு அத்தகைய எதுவும் இல்லை. அதன் மதிப்பு முழுவதும் வரப்போகும் ஒரு பரிசோதனை முடிவிலே தங்கியுள்ளது. மனிதரிடத்துப் பரிசோதனைக்கு எடுக்கப்படும் மருந்துகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே இறுதியில் அரச அங்கீகாரத்தைப் பெறுகின்றது. ஒரு நாட்காலையில் வெளியாகும் ஓர் அறிக்கை பங்கின் விலையை இருமடங்காக்கவும் கூடும். அதனிற் பெரும்பகுதியை அழித்துவிடவும் கூடும்.

எனினும், இவ்வகை முயற்சிகளுக்குப் பணம் கிடைத்திராவிடின் உலகம் சில நன்மைகளை இழந்திருக்கும் என்பதையும் மறுத்தல் இயலாது. 1976இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஜெனென்ரெக் என்னும் கம்பனி, 1980 ஒக்டோபரில் தன் பங்குகளை 35 டொலர் விலைக்குப் பொதுமக்களுக்கு வழங்கியது. அவ்வேளையில் அதனிடம் சந்தையில் விற்கத்தக்க மருந்து எதுவும் இருக்கவில்லை. ஆயினும் ஒரு மணி நேரத்துள் பங்கின் விலை 80 டொலரைக் கடந்தது. அன்று அதனைக் கண்ட பலர் இது வெறும் பித்து என எண்ணியிருத்தல் கூடும். ஆனால் 1982இல், அக்கம்பனியின் ஆய்வினாற் பக்ரீரியாக்களிலே தோற்றுவிக்கப்பட்ட மனித இன்சுலின் அங்கீகாரம் பெற்றது. அதுவரை பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து பெற்ற இன்சுலினையே நம்பியிருந்த நீரிழிவு நோயாளருக்கு அது பெரும் பேறாயிற்று. எனவே, அபாயம் மிகுந்தது என்னும் ஒரே காரணத்தைக் கொண்டு இம்முதலீட்டைச் சூதெனக் கூறிவிட முடியாது.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது? பொருளியலறிஞர் கெயின்ஸ் 1936இல் வெளியிட்ட தம் நூலில் இது தொடர்பாகப் பயனுள்ள ஒரு பாகுபாட்டைச் செய்துள்ளார். ஒரு சொத்து அதன் வாழ்நாள் முழுவதிலும் தரக்கூடிய விளைவை மதிப்பிட்டுப் பணமிடுதல் ஒன்று. சந்தையிலுள்ள ஏனையோரின் மனநிலை நாளை எவ்வாறு மாறும் என மதிப்பிட்டுப் பணமிடுதல் மற்றொன்று. முன்னையதை முயற்சி என்றும் பின்னையதை ஊகம் என்றும் அவர் பிரித்தார். இப்பாகுபாடு பொருளியல் நோக்கிற் செய்யப்பட்டதாயினும் ஒழுக்கவியலுக்கும் வழிகாட்டுவதாகும். முன்னையவனது நம்பிக்கை உலகிலுள்ள ஒரு பொருளின்மேல் நிற்கின்றது. மருந்து நோயைத் தீர்க்கவேண்டும் என அவன் விரும்புகின்றான். பின்னையவனது நம்பிக்கை மற்றொரு மனிதனின்மேல் நிற்கின்றது. தான் கொடுத்த விலையிலும் கூடிய விலை கொடுக்க ஒருவன் வரவேண்டும் என அவன் விரும்புகின்றான்.

இவ்விரு விருப்பங்களும் ஒன்றினின்றொன்று எவ்வளவு விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு நோவாவக்ஸ் கம்பனியின் வரலாறு தக்க சான்றாகும். 1987இல் தோன்றிய அக்கம்பனி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கியும் ஒரு தடுப்பூசியைத்தானும் சந்தைக்குக் கொண்டுவராதிருந்தது. 2019 பெப்ரவரியில் அதன் முக்கிய பரிசோதனையொன்று இலக்கை எட்டவில்லை. பங்கின் விலை ஒரு டொலருக்குங் கீழே வீழ்ந்தமையால், அவ்வாண்டு மே மாதத்தில் இருபது பங்குகள் ஒரு பங்காகச் சேர்க்கப்பட்டன. அவ்வாறு சேர்த்த பின்னரும் ஆண்டிறுதியில் விலை ஏறத்தாழ 4 டொலராகவே இருந்தது. அதன்பின் கொவிட் நோய் பரவியது. 2021 பெப்ரவரியில் அதே பங்கு 300 டொலரைத் தாண்டியது. அவ்வாண்டு ஜூனில் வெளியான பெரும் பரிசோதனை முடிவு, அத்தடுப்பூசி ஏறத்தாழ 90 சதவீதப் பயனுடையது எனக் காட்டியது. டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் அதனை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2023இன் தொடக்கத்தில், தான் தொடர்ந்து இயங்குதலே ஐயத்துக்குரியது எனக் கம்பனி அறிவித்தபோது, பங்கின் விலை 10 டொலருக்குங் கீழே கிடந்தது.

இங்குச் சிந்தித்தற்குரியது யாதெனில், மருந்து தோற்கவில்லை என்பதே. உச்ச விலையில் வாங்கியவன் மருந்தைப் பற்றிக் கொண்டிருந்த நம்பிக்கை மெய்யாயிற்று. ஆயினும் அவன் தன் பணத்தை இழந்தான். மருந்து வெல்லும் என்னும் எதிர்பார்ப்பும், அதற்கு மேற்பட்ட பலவும் அவன் கொடுத்த விலையிலே முன்னரே அடங்கியிருந்தன. 4 டொலருக்கு வாங்கி 300 டொலருக்கு விற்றவன் பெற்ற இலாபத்தை மருந்து ஈட்டித் தரவில்லை. அது பின்னே வந்தவனின் சேமிப்பிலிருந்து வந்தது. சந்தையிற் கைமாறும் பங்குக்குக் கொடுக்கப்படும் பணம் கம்பனியின் ஆய்வுகூடத்தைச் சென்றடைவதில்லை. விற்றவனின் கைக்கே அது செல்கின்றது. உயர்ந்த விலை நிலவும்போது கம்பனி புதிய பங்குகளை வழங்கிப் பணந் திரட்டிக்கொள்ளுதல் உண்மையே. எனினும், ‘அறிவியலுக்கு உதவினேன்’ என்று ஊக வாணிகன் கூறும் சமாதானம் அவனது செயலின் ஒரு சிறு பகுதிக்கே பொருந்தும்.

பின்னே வருபவனுக்கு முன்னே நிற்பவன் கடமைப்பட்டவனா என்பது மிகப் பழைய வினா. உரோம அறிஞர் சிசெரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இவ்வினாவை ஒரு கதையாக அமைத்துள்ளார். ரோட்ஸ் தீவிற் பஞ்சம் நிலவுகின்றது. அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்துடன் ஒரு வணிகன் வந்து சேர்கின்றான். தனக்குப் பின்னால் வேறு பல கப்பல்கள் தானியத்துடன் வருவதை அவன் கடலிற் கண்டிருக்கின்றான். அதனைக் கூறினால் விலை வீழும். அவன் கூறவேண்டுமா? சட்டம் கேட்பதை மட்டும் கூறினாற் போதும். பேசாதிருத்தல் மறைத்தல் ஆகாது என்பது டயோஜெனிஸ் என்னும் ஸ்தோயிக்கரின் வாதம். மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர். பிறர் அறியவேண்டியதை உன் இலாபத்துக்காக மறைத்தல் தவறு என்பது அவர் மாணாக்கர் அன்ரிபேற்றரின் வாதம். சிசெரோ மாணாக்கரின் பக்கமே சார்கின்றார்.

இக்கதையின் வணிகனை நவீன சந்தையிலே காண்பது கடினமன்று. இம்குளோன் என்னும் கம்பனியின் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை 2001 டிசம்பர் 28இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஏற்க மறுத்தது. கம்பனியின் தலைவர் சாமுவேல் வக்சால் அச்செய்தியை முன்கூட்டியே அறிந்து, தன் குடும்பத்தவர் பங்குகளை விற்றுத் தப்புதற்கு வழிசெய்தார். எதையும் அறியாத சிறு முதலீட்டாளர் அப்பங்குகளைக் கையில் வைத்திருந்தனர். 2003இல் அவருக்கு ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அம்மருந்து 2004 பெப்ரவரியில் அங்கீகாரம் பெற்றது என்பது இவ்வரலாற்றின் மற்றொரு முரண்.

வக்சால் செய்தது குற்றம் என்பதில் ஐயமில்லை. சிறு முதலீட்டாளனோ கடலில் எந்தக் கப்பலையும் கண்டவனல்லன். அவனிடம் மறைப்பதற்கு இரகசியம் ஏதும் இல்லை. ஆதலால் அவன் முற்றிலும் குற்றமற்றவன் எனலாமா? தான் வாங்கிய பங்கு அவ்விலைக்குத் தகுதியற்றது என அவனே உள்ளூர எண்ணிக்கொண்டு, ‘என்னிலும் பேதை ஒருவன் வருவான்’ என்று காத்திருப்பானாயின், பிறனது அறியாமையே அவனது இலாபத்துக்கு மூலதனமாகின்றது. மனிதனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் விதி இங்கு மீறப்படுகின்றது. வாங்குபவனும் தன் விருப்பத்துடனேயே வாங்குகின்றான் என்று எதிர்வாதம் செய்யலாம். ஆனால் கடைசியாக வாங்குபவன் தான் கடைசியானவன் என்பதை அறிந்து சம்மதிப்பதில்லை. பங்கை வாங்கியபின் அதன் பெருமையை நண்பர்க்கும் உறவினர்க்கும் எடுத்துக்கூறி, அவர்களை வாங்கத் தூண்டிவிட்டுத் தான் விலகிக்கொள்பவன் இன்னும் ஒரு படி கீழிறங்குகின்றான். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வணிகர்க்குரிய நடுவுநிலைமை என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இத்தகையவன் அந்நெறிக்கு முற்றும் புறம்பானவன்.

இரண்டாவதாக, அவனது சொந்த வீட்டுக்கான கடமை நோக்கத்தக்கது. பார்பர், ஓடீன் என்னும் ஆய்வாளர் இருவர், 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்து 2000இல் முடிவுகளை வெளியிட்டனர். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் விளைவு தந்த அக்காலத்தில், மிக அடிக்கடி வாங்கி விற்ற குடும்பங்கள் பெற்றது 11.4 சதவீதமே. சந்தை முழுவதும் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே நிலை இதுவாயிற்று. 2019இல் அமெரிக்காவின் பெருந்தரகு நிறுவனங்கள் தரகுக் கட்டணத்தை ஒழித்தபின், கைப்பேசியில் விரலால் தொட்டு வாங்கி விற்றல் மேலும் எளிதாயிற்று. அவ்வாறு செலவிடப்படும் பணத்திற் பிள்ளையின் கல்வியும், மனைவியின் மருத்துவமும், முதுமையின் பாதுகாப்பும் அடங்கியுள்ளன. ஊதியத்தை எண்ணி முதலையே இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்று தெரிந்துசெயல்வகை கூறுவதில், அம்முதல் யாருடையது என்ற வினாவும் உள்ளடங்கியிருக்கின்றது.

மூன்றாவது கருத்து பலராலும் கவனிக்கப்படாதது. ஊகம் மனிதனின் பணத்தை மட்டுமன்றி அவன் உலகை நோக்கும் பார்வையையும் பற்றிக்கொள்கின்றது. கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசிக் கம்பனியின் பங்கை வைத்திருந்தவனுக்கு, நோய் பரவும் செய்தி விலை ஏறும் செய்தியாகவும் அமைந்தது. அவன் கொடியவனல்லன், தன் அயலவன் இறக்கவேண்டும் என விரும்பியவனுமல்லன். ஆயினும் மரண எண்ணிக்கையைப் படித்தவுடன் அவன் கை விலைப்பட்டியலைத் தேடிச் சென்றிருப்பின், இரக்கம் எழவேண்டிய இடத்திற் கணக்கு எழுந்துவிட்டது என்பதே பொருள். புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவை நோயாளியின் குடும்பமும் பங்குதாரனும் ஒரே நாளிற் படிக்கின்றனர். இருவரும் படிப்பது ஒரே செய்தியை அன்று. இழந்த பணத்தை மீண்டும் ஈட்டிக்கொள்ளலாம். மழுங்கிய உணர்வை மீட்டல் எளிதன்று.

எவ்வாறாயினும், பழி முழுவதையும் சிறு முதலீட்டாளன்மேற் சுமத்துதல் நீதியாகாது. நஸ்டாக் பங்குச் சுட்டெண் 2000 மார்ச் 10இல் 5048 ஆக உயர்ந்திருந்து, 2002 ஒக்டோபரில் 1114 ஆக வீழ்ந்தது. பழைய நிலையை அது மீண்டும் எட்டுதற்கு 2015 வரை செல்லவேண்டியிருந்தது. அவ்வேற்றத்தின்போது மக்களுக்கு ஆலோசனை கூறிய நிபுணர் பலர் தம் நிறுவனங்களின் ஆதாயத்துக்கு இசைய மதிப்புரைகளை எழுதினர் என்ற குற்றச்சாட்டுத் தொடர்பில், 2003இல் பத்துப் பெரும் நிதி நிறுவனங்கள் ஏறத்தாழ 140 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. உழைப்பினால் மட்டும் வீடொன்றை வாங்க முடியாத நிலையிலுள்ள ஒருவனிடம், ஒரே பாய்ச்சலில் மேலேற வழியுண்டு எனப் பலரும் கூடிச் சொல்லும்போது, அவன் அதனை நம்புதல் பேராசை மட்டுமாகாது. சேமிப்பு மதிப்பிழந்தும் உழைப்பு ஊதியங் குன்றியும் போகும் சமுதாயம், தன் மக்களைச் சூதாட்டத்துக்குத் தள்ளிவிட்டுப் பின் அவர்களையே சூதாடிகள் என ஏசுகின்றது. ஆயினும் பழி பங்கிடப்படுவதாலே தனிமனிதனின் கடமை இல்லாதொழியாது.

முடிவாக நோக்குமிடத்து, சிறு முதலீட்டாளன் உழவனா, சூதாடியா என்ற வினாவுக்கு அவன் வாங்கும் பங்கிலோ, அதன் அபாயத்தின் அளவிலோ விடை கிடைக்காது. அவன் எதனை விரும்பிக் காத்திருக்கின்றான் என்பதிலேயே விடை உள்ளது. பத்தாண்டுகளுக்கு இப்பங்கை வாங்க எவருமில்லையெனினும் இதனை வைத்திருப்பேனா? இப்பணத்தை இழந்தால் என்னையன்றி வேறு யார் துன்புறுவர்? என்னிடமிருந்து வாங்கப்போகின்றவனுக்கு நான் அறிந்த அனைத்தையும் கூறிய பின்னரும் இவ்விலைக்கே விற்பேனா? இம்மூன்று வினாக்களையும் தன்னிடம் நேர்மையாக வினவி அமைதி காண்பவன், தன் விதை முளையாது போனாலும் உழவனே ஆவான். இவற்றை வினவ அஞ்சுபவன் பெருஞ்செல்வம் ஈட்டினும், அவன் அமர்ந்திருப்பது சூதாடுகளத்திலேயே.