தன்னுயிர் தன்னுடையதா?

ஒருவர் தன் வீட்டில், தன் உயிரைப் பணயம் வைத்து உயர் மின்னழுத்தத்தோடு சோதனை செய்யலாமா என்ற அறக்கேள்வி 1753 ஆகஸ்ட் 6 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சாவோடு எழுந்தது. அந்நகர அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஜார்ஜ் ரிக்மான், தன் வீட்டுக் கூரையில் இரும்புக்கம்பி நட்டு, அதிலிருந்து அறைக்குள் கம்பி இழுத்து, மேக மின்சாரத்தை அளக்கும் கருவியோடு இணைத்திருந்தார். அளக்க வேண்டியிருந்ததால் கம்பியை மண்ணில் இறக்கவில்லை. இடிதாங்கியிலிருந்து அது வேறுபட்டது அங்கேதான். இடியோசை கேட்டதும், நடப்பதை வரைந்துகொள்ளச் செதுக்கோவியர் சொகலோவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். கருவியருகே நின்றபோது நீலத் தீக்கோளம் ஒன்று நெற்றியில் பாய்ந்து அவர் உயிரைப் பறித்தது. சொகலோவ் கீழே சாய்ந்தார், ஆனால் பிழைத்தார்.

அதே நேரத்தில் தன் வீட்டில் அதே சோதனையில் இருந்த சக அறிவியலாளர் மிகயில் லோமனோசவ், தன் புரவலர் ஷுவாலவுக்குக் கடிதம் எழுதினார். நண்பர் தன் தொழிற்கடமையில் மாண்புடன் இறந்தார் என்று அதில் புகழ்ந்தார். அவருடைய மனைவி மக்களுக்கு உதவித்தொகையும் கேட்டார். 1767இல் ஜோசப் பிரீஸ்ட்லியும் ரிக்மானின் சாவைப் பொறாமைப்படத்தக்கது என்றே எழுதினார். இந்தப் புகழ்ச்சிதான் பெரிதும் நினைக்கப்படுகிறது. கேள்வியின் மையம் அந்த உதவித்தொகையில் இருக்கிறது: உயிரைப் பணயம் வைத்தவர் ஒருவர், இழப்பைச் சுமந்தவர்கள் வேறு சிலர்.

மெய்யியலாளர் காண்ட் 1797இல் அம்மைப்பால் குத்திக்கொள்வதை எடுத்துக்கொண்டு, உயிரைக் காக்கவே உயிரை ஆபத்தில் வைப்பது தகுமா என்று கேட்டு, விடை சொல்லாமல் விட்டார். மில் 1859இல் வேறு வழியில் வந்தார். தன்னை மட்டும் பாதிக்கும் செயலில் மனிதன் சுதந்திரன். ஆனால் இடியப்போகும் பாலத்தை அறியாமல் மிதிக்கப்போகிறவனைப் பிடித்து நிறுத்தலாம், ஏனெனில் ஆற்றில் விழ அவன் விரும்பவில்லை. அறியாத ஆபத்துக்கு ஒருவர் உண்மையில் சம்மதித்ததாகாது.

மின்சாரத்தில் இந்த அறியாமை ஆழமானது, ஏனெனில் மின்சாரம் உள்ள கம்பியும் இல்லாத கம்பியும் கண்ணுக்கு ஒன்றே. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரால் மரப்பலகையில் கிளைக்கோலம் எரிப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். அது தருவது சுமார் 2,000 வோல்ட். இதயத்துடிப்பைக் குலைக்க 100 மில்லிஆம்பியரே போதும், இது அதைவிட அதிகம் தள்ளும். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு இ.எல்.சி.பி. காப்பாற்றும் என்று நம்புவது வீண்: டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுருளிலிருந்து உடல்வழி பாயும் மின்னோட்டம் அதே சுருளுக்குத் திரும்புவதால், அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இந்த முறையைத் தடைசெய்திருக்கிறது.

வியப்பும் ஒரு நன்மைதான். அதற்காக ஓரளவு ஆபத்தை ஏற்பது இழிவன்று. ஆனால் ரிக்மான் தேடியது அன்று எவருக்கும் தெரியாத ஒன்று, வேறு வழியும் அன்று தெளிவாக இல்லை. கிளைக்கோலத்தின் நிலை அப்படியன்று. கோட்டிங்கனில் இயற்பியலாளர் லிக்டன்பர்க் 1777இல் அதை முதலில் கண்டது பிசின் தட்டில் தங்கிய நிலைமின்சாரத்தின் மீது படிந்த தூளில். சிறிய அளவில் அதை இன்றும் உயிரச்சமின்றிச் செய்யலாம். எஞ்சுவது வீட்டில் உள்ள மற்றவர்கள். தெரிந்தே துணிந்தவரின் சம்மதம் அவரோடு முடிகிறது. மேசையருகே வந்து கைநீட்டும் குழந்தை அதில் சேராது.