பென்சிலின் ஆகாத பிள்ளை

எனக்குப் பென்சிலின் ஆகாது என்பது எங்கள் வீட்டில் ஜாதகக் குறிப்பு மாதிரி. சின்ன வயதில் தொண்டைவலிக்கு மருந்து கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்துச் சிவந்ததாம். எனக்கு அது நினைவில்லை. இரவெல்லாம் விழித்துக் கிடந்த அம்மாவுக்கு நினைவிருந்தது. விடுதிக்கு அனுப்பும்போதும் பிரசவத்துக்குச் சேர்க்கும்போதும் அதைச் சொல்லாமல் அவள் நகர்ந்ததில்லை. மருத்துவர்களும் குறித்துக்கொண்டு வேறு மருந்து எழுதினார்கள். உண்மையிலேயே ஒவ்வாமைதானா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறவர்களை முறைப்படி சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இருப்பதில்லை என்று மேலைநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வைரஸ் காய்ச்சலில் குழந்தைக்கு வரும் தடிப்புக்கும் பழி மருந்தின்மேல் விழுகிறது. உண்மையான ஒவ்வாமைகூடப் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு மறைந்துவிடுகிறது.

வேறு மருந்தா இல்லை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மாற்றாகத் தரப்படுபவற்றில் பல, நல்லது கெட்டது பாராமல் பலவகைக் கிருமிகளையும் தாக்கி, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இடம் கொடுப்பவை. ருமாட்டிக் காய்ச்சலில் இதயம் பாதித்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசிக்கு நிகரான மருந்து இல்லை.

நான் பார்த்த ஒவ்வாமை நிபுணர் முதலில் கதைதான் கேட்டார். எந்த மருந்து, எத்தனையாவது வேளையில், மூச்சு முட்டியதா, தோல் உரிந்ததா, வாய் புண்ணானதா? தோல் உரிந்திருந்தால் அந்த மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது என்றார். ஒவ்வாமைக்குப் போடும் செட்ரிசின் மாத்திரை தடிப்பை மறைத்துவிடும் என்பதால் அதைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். முன்னங்கையில் மருந்துத் துளியை வைத்து லேசான குத்து. பிறகு தோலுக்குள் சிறு ஊசி. இரண்டிலும் தடிக்காததால் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் கொடுத்து, ஆபத்துக்கு உதவும் அட்ரினலின் ஊசியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு உட்காரவைத்தார்கள். ஊசி போடும் இடங்களில் அவசரமாகச் செய்யும் டெஸ்ட் டோஸ் இதற்கு ஈடாகாது.

ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வாமை இல்லை என்று எழுதியும் கொடுத்தார்கள்.

மனசு மட்டும் ஒப்பவில்லை. "அவங்க சொல்லிட்டாங்கன்னு வாயில போட்டுக்காதேடி" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம்தான் என்னைக் காப்பாற்றியது என்று நம்பி வாழ்ந்தவள் அவள். அன்போடு கைமாறி வந்த பயம், ஒரு காகிதத்தைக் கண்டதும் ஓடிவிடாது. ஆனால் அம்மா தந்த எச்சரிக்கையை மதிப்பதும் அதைச் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதனால் சோதனையில் நடந்ததையெல்லாம் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னேன். பிறகு பல்லில் சீழ் வைத்தபோது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அமாக்சிசிலின் போட்டுக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சந்தேகம் இருந்தால், மருந்தின் பெயர், வயது, அன்று நடந்தது எல்லாவற்றையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அதோடு நிபுணரிடம் போங்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.