வாங்கிக்கொண்டே இருப்பவர்கள்

1992 நவம்பர் 18 அன்று அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளின் முன்னால் வரிசையில் நின்றவர்களில் பலர் ஒரே புத்தகத்தை இரண்டு பிரதி வாங்கினார்கள். சூப்பர்மேன் 75-ம் இதழ், அதாவது சூப்பர்மேன் செத்துப்போகும் இதழ். கறுப்பு உறை, அதன்மேல் ரத்தம் சொட்டும் எஸ் எழுத்து, உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டி. 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒன்று படிக்க, இன்னொன்று உறையைப் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைக்க.

ஏன் வைக்க வேண்டும்? 1938-ல் சூப்பர்மேன் முதன்முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் விலை 10 சென்ட். அதற்குள் அது பெரும் செல்வமாகிவிட்டிருந்தது (2024-ல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது). அப்படியென்றால் சாகிற இதழும் ஒருநாள் அப்படி ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். 1938-ன் இதழ் அரிதானதற்குக் காரணம், அதை யாரும் பாதுகாக்கவில்லை என்பதுதான். பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதத்தோடு போட்டார்கள். லட்சக்கணக்கான பேர் பாதுகாக்கிற ஒன்று எப்படி அரிதாகும்? சூப்பர்மேனும் அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டார். இந்தச் சேகரிப்பு ஜுரத்தில் வீங்கிய சந்தை உடைந்து, 1996 இறுதியில் மார்வெல் நிறுவனமே திவாலானது.

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். எனக்கு அந்த வரிசையில் நின்றவர்கள்மேல் பெரிய ஏளனம் இல்லை. காமிக்ஸ் வாங்குகிறவன் படிப்பதற்காக மட்டும் வாங்குவதில்லை, எப்போதுமே. நூற்று நாற்பது இதழ் இருக்கிறது, நூற்று நாற்பத்தொன்று விட்டுப்போகக் கூடாது என்று வாங்குகிறவன் உண்டு. கதை மட்டம், ஆனால் ஓவியர் நம்மாள் என்று வாங்குகிறவன் உண்டு. பத்து வயதில் தொலைத்ததை நாற்பது வயதில் வாங்குகிறவன் உண்டு. அவன் வாங்குவது காமிக்ஸ்தானா, அந்தப் பத்து வயதா என்பது அவனுக்கே தெரியாது.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு. இத்தனை காரணங்களும் கடை கல்லாவில் போய்ச் சேரும்போது ஒரே எண்ணாக மாறிவிடுகின்றன. பிரியத்தில் வாங்கியதா, பேராசையில் வாங்கியதா, பழக்கத்தில் வாங்கியதா என்று பதிப்பாளருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விற்ற எண்ணிக்கை மட்டும் தெரியும். அந்த எண்ணிக்கை வெளியே போய் ஏதாவது ஒன்றைச் செய்கிறது. நாம் எந்த மனநிலையில் வாங்கினோமோ அதற்கு நேர்மாறானதைக்கூட.

எண்ணிக்கை என்ன செய்தது என்று கண்ணெதிரே தெரிந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1988-ல் பேட்மேன் 427-ம் இதழ் ஒரு குண்டுவெடிப்போடு முடிந்தது. உள்ளே ராபின், ஜேசன் டாட் என்கிற இரண்டாவது ராபின். அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா? இரண்டு தொலைபேசி எண்கள், ஒரு அழைப்புக்கு 50 சென்ட். பிழைக்கட்டும் என்றவை 5,271 அழைப்புகள். சாகட்டும் என்றவை 5,343. வெறும் 72 வித்தியாசத்தில் பையன் செத்தான். யாரோ ஒருவர் கணினியை வைத்துத் திரும்பத் திரும்ப அந்த எண்ணுக்கு அழைக்கச் செய்தார் என்றொரு வதந்தியை ஆசிரியர் டென்னிஸ் ஓ'நீலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உண்மையோ பொய்யோ, தொழில் முறையில் எனக்கு அந்த ஆள்மேல் ஒரு சின்ன மரியாதை உண்டு. அன்று அமெரிக்கா பதறியது. ரசிகர்கள் காசு கொடுத்து ஒரு சிறுவனைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். கற்பனைச் சிறுவன்தான், யாருக்கும் நிஜத்தில் ஒன்றும் ஆகவில்லை. நிஜத்தில் ஒருவருக்கு நஷ்டம் வந்த இடத்தில் யாரும் அவ்வளவு பதறவில்லை.

வாட்ச்மென்னைச் சொல்கிறேன். ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986-87-ல் பன்னிரண்டு இதழ்களாக டிசி நிறுவனம் வெளியிட்டது. காமிக்ஸ் பக்கமே திரும்பாத நண்பர்களுக்கும் நாம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் புத்தகம். அதன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: புத்தகம் அச்சில் இல்லாமல் போய், டிசி குறிப்பிட்ட காலம் அதைப் பயன்படுத்தாமல் விட்டால், உரிமை படைப்பாளிகள் இருவருக்கும் திரும்பிவிடும். அன்றைய நிலைமையில் இது நல்ல ஷரத்து. காமிக்ஸ் என்பது ஒரு மாதம் கடையில் இருந்துவிட்டு மறைவது. தொகுப்பாகப் போட்டு வருடக்கணக்கில் விற்பது அபூர்வம். எனவே ஓரிரு வருடங்களில் உரிமை கைக்கு வந்துவிடும் என்று மூர் நம்பினார்.

1987-ல் தொகுப்பு வந்தது. இன்றுவரை அச்சில் இருக்கிறது. உரிமை திரும்பவே இல்லை.

இங்கே வில்லன் யார் என்று தேடினால் டிசியைக் காட்டலாம். காட்ட வேண்டியதும்தான். மூர் போன பின்பு 2012-ல் அவர் விருப்பத்துக்கு எதிராகவே முன்கதைகளை வெளியிட்டார்கள், 2017-ல் அந்தப் பாத்திரங்களை சூப்பர்மேன் உலகத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். ஆனால் அச்சில் வைத்திருப்பதற்கு டிசிக்கு எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. நாம் வாங்கினோம், அவர்கள் அச்சடித்தார்கள். அந்தப் புத்தகம் மோசமாக இருந்திருந்தால் இந்நேரம் மூருடையதாகியிருக்கும். மிக நன்றாக எழுதியதுதான் அவர் அதை இழந்த காரணம். ஊக வணிகத்துக்காக யாரும் வாட்ச்மென் தொகுப்பை வாங்குவதில்லை. படிக்கத்தான் வாங்குகிறார்கள், மூர் என்ற மேதைக்காக வாங்குகிறார்கள். காரணங்களிலேயே சுத்தமான காரணம் எதுவோ, அதுதான் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

"அவர் படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டார்?" என்று ஒரு கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. நானும் வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். எழுதும் ஒவ்வொரு வரி நிரலும் கம்பெனிக்குச் சொந்தம். அதற்காக நான் அழுவதில்லை. ஆனால் எனக்கு யாரும் அது திரும்பக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது. 1938-ல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தபோதும் கையெழுத்துப் போட்டார்கள். 1975-ல், வயதான காலத்தில் அவர்கள் கஷ்டம் பத்திரிகைகளில் வந்து ஊரே திட்டியபிறகு, நிறுவனம் வருடத்துக்கு 20,000 டாலர் கொடுக்கவும் புத்தகத்தில் பெயர் போடவும் ஒப்புக்கொண்டது. அந்த முப்பத்தேழு வருடமும் கையெழுத்து செல்லுபடியாகத்தான் இருந்தது.

அடுத்த கேள்வி இதைவிடக் கஷ்டம். "நான் ஒருத்தன் வாங்காட்டி என்ன ஆயிடப் போகுது?" உண்மை, ஒன்றும் ஆகாது. ஜொனாதன் குளோவர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1975-ல் இதற்கு ஒரு கதை சொன்னார். ஒரு கிராமத்தில் நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு நூறு பயறு. நூறு கொள்ளைக்காரர்கள் வந்து ஆளுக்கொரு கிண்ணத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். அப்புறம் அவர்களுக்கு மனசு உறுத்துகிறது. அடுத்த முறை ஒவ்வொருவனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பயறு மட்டும் எடுக்கிறான். ஒரு பயறு போனதால் யாருக்கும் பசிக்காது, யாருக்கும் தீங்கில்லை. ஆனால் கிராமம் பட்டினி. குளோவரின் கதையில் எடுக்கிறவனுக்குத் தான் எடுப்பது தெரியும். நம் விஷயத்தில் அதுவும் இல்லை. கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே எடுக்கிறோம்.

ஆனால் இந்த உவமையை நான் முழுக்க நம்பவில்லை. கிண்ணம் ஒருவருடையது அல்ல, இருவருடையது. டேவ் கிப்பன்ஸுக்கு இந்தப் புத்தகம் அச்சில் இருப்பதில் வருத்தமில்லை. 2009-ல் வந்த படத்துக்கு அவர் உதவினார், மேடைகளில் மகிழ்ச்சியோடு பேசினார். நாம் வாங்காமல் இருந்தால் அவருக்குப் போகும் பங்கும் நிற்கும். மூரோ 2010-ல், முன்கதைக்கும் பின்கதைக்கும் சம்மதித்தால் உரிமையைத் தருகிறோம் என்று டிசி சொன்னதை மறுத்துவிட்டதாக ஒரு பேட்டியில் சொன்னார். திரும்ப வேண்டும் என்று கேட்டவர், கொடுத்தபோது வாங்கவில்லை. எனக்கு இது பிடிவாதமாகத் தெரியவில்லை. வீட்டை இடித்துக் கட்ட அனுமதித்தால் சாவி தருகிறேன் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? ஆனால் அந்தக் கட்டத்தில் வாசகன் வாங்குவதும் வாங்காததும் மூருக்கு எதையும் மீட்டுத் தராது என்பதும் உண்மை.

"அப்ப ஸ்கேன் பண்ண பிடிஎஃப் படிச்சா தப்பில்லையே?" என்று கேட்கும் தம்பிகளுக்கு: மூருக்காகத்தான் திருடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். கிப்பன்ஸிடம் யார் கேட்டது?

நம்மூரில் இதே கணக்கு தலைகீழாக ஓடுவதைப் பார்க்கிறேன். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. இன்று அவற்றின் வாசகர்களில் கணிசமானோர் சந்தா கட்டி, அட்டவணையில் வரும் எல்லாவற்றையும் வாங்குபவர்கள். டெக்ஸ் வில்லர் பிடிக்கும், மற்றது பிடிக்காது என்றாலும் மற்றதையும் வாங்குவார்கள். படிக்காமலே அலமாரியில் ஏறும் இதழ்கள் எந்தச் சந்தாதாரர் வீட்டிலும் உண்டு. கேட்டால், "நாம வாங்கலைன்னா நின்னுடும் சார்" என்பார்கள். கடையில் எங்கும் கிடைக்காத, வருமா வராதா என்று காத்திருந்த காலத்தை அனுபவித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இங்கே ஒரு பிரதி என்பது நிஜமாகவே கணக்கில் வரும் பிரதி. வாட்ச்மென் வாசகனுக்கு அச்சில் இருப்பது பிரச்சினை, இவர்களுக்கு அச்சில் இல்லாமல் போவது பயம். செய்கிற காரியம் ஒன்றே.

அதற்காக நம் பக்கம் கறையே இல்லை என்று சொல்ல முடியாது. முத்துவின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1962-ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் போடும் வழக்கம் இல்லை. கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்து, அந்த ஒரு கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் படங்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். மாயாவிக்காகக் காசு சேர்த்த எத்தனை சிறுவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்? உரிமை பதிப்பகத்துடையது. பத்து வயதைத் திரும்ப வாங்க மறுபதிப்புக்கு ஆர்டர் போடும்போதும் பிளாஸ்கோ நம் நினைவில் வருவதில்லை. அவர் புகார் சொல்லாததால் நமக்கு உறுத்தலும் இல்லை. மூர் வாய் திறந்து பேசுகிறவர் என்பதால்தான் அவர் விஷயத்தில் இவ்வளவு யோசிக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

என் வாட்ச்மென் பிரதி பழைய புத்தகக் கடையில் வாங்கியது. வேண்டுமென்றே. பழைய பிரதி எந்த எண்ணிக்கையிலும் சேராது, டிசிக்குப் போகாது, கிப்பன்ஸுக்கும் போகாது, மூருக்கும் போகாது. முதுகு விட்டுப்போய், நாலாம் அத்தியாயத்தில் காபிக் கறையோடு இருக்கிறது. போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அதை என் மேசையில் பார்த்துவிட்டு இரண்டு நாள் இரவல் கேட்டாள். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டு, "செம புக்குங்க, நான் எனக்கே ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன்" என்றாள். தள்ளுபடியில் புதுசு, நான் பழசுக்குக் கொடுத்ததைவிட நூறு ரூபாய் குறைவு. நான் அவளிடம் ஷரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீல மனிதன் செவ்வாய்க் கிரகத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் பக்கங்களைப் பற்றி மதியச் சாப்பாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.